கடைசி வரிசைக்கு ஒரு பெட்டி

ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்ன எழுத்தாளரை நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆடி மாதம் பிறந்துவிட்டால் போதும்; எங்கள் கூட்டம் முழுவதும் ஜன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, எழுத முடியாமல் போன அத்தியாயத்தின் பழியையெல்லாம் தெருக்கோடியில் கட்டியிருக்கும் ஸ்பீக்கரின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். ஆனாலும் ஒன்றைத் திட்டுவதற்கு முன்னால் அது எதற்காகப் பிறந்தது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நியாயம் அல்லவா?

கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்திருப்பவனுக்காகப் பிறந்தது அது. வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் வலிமை நாலில் ஒன்றாகிவிடும். இயற்கையின் இந்தக் கணக்குக்கு ஏழை பணக்காரன் என்ற பேதமில்லை. ஆனால் முன்வரிசையில் யார் உட்காருகிறார்கள், பின்வரிசையில் யார் உட்காருகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் மைக் இல்லாமலே நாடகக் கொட்டகையின் கடைசி மனிதன்வரை பாட்டைக் கொண்டுபோனார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். அப்படிப்பட்ட சாரீரம் லட்சத்தில் ஒருவருக்கு வாய்க்கும். மற்ற நடிகர்கள் தொண்டையைக் கிழித்துக்கொண்டார்கள்; மற்ற ஊர்களில் கடைசி வரிசைக்காரர்கள் பொம்மலாட்டம் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள்.

1915-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இருவர், காந்தத்துக்கு நடுவே கம்பிச் சுருளைத் துடிக்க விட்டு, அதன் வாயில் ஒரு கொம்பை மாட்டி, மனிதக் குரலை ஊர் கேட்கச் செய்தார்கள். 1919-ல் சான் டியாகோ நகரில் ஜனாதிபதி வில்சன் அவர்களுடைய கருவியின் உதவியால் பல்லாயிரம் பேருக்கு முன்னால் பேசினார். 1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு எஞ்ஜினீயர்கள் கொம்பை எடுத்துவிட்டுக் காகிதக் கூம்பையே பேச வைத்தார்கள். இன்று நம் வீட்டு ரேடியோவிலிருந்து மாரியம்மன் கோவில் பந்தல்வரை பேசிக்கொண்டிருப்பது அந்தக் கூம்புதான்.

நான் வளர்ந்தது நெய்வேலி. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் விளைகிற செம்மண் பூமிக்கு நடுவே, பழுப்பு நிலக்கரிக்காக உண்டான நகரியம் அது. 1956-ல் நிறுவனம் ஏற்பட்டது. 1957-ம் ஆண்டு மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் முதன்முதலாக நிலக்கரி கண்ணில் பட்டது. அடுத்த வருஷம் மின்சாரமும் பிறந்தது. வட்டம் வட்டமாகப் பிரித்து, சாலைக்கு இருபுறமும் மரம் வைத்துக் கட்டிய ஊர். அங்கே குடியிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சொந்த ஊர் வேறு எங்கோ இருந்தது. அதனால்தானோ என்னவோ, கூட்டம் கூடுவதில் எங்கள் ஊருக்கு ஒரு தனி ஆசை. ஷிப்டு மாறுகிற நேரத்தில் தொழிற்சங்கத்தின் வாயிற்கூட்டம். மாலையில் ஏதாவது ஒரு வட்டத்தில் பஜனை, நாடகம், பட்டிமன்றம். பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டு முருகனிடம் காவடிகள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சைக்கிளில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் வந்து சேர்ந்துவிடுவார். நான் சொல்லவந்த மனிதர் அப்படி வந்தவர்களில் ஒருவர்.

மந்தாரக்குப்பத்தில் மைக் செட் கடை வைத்திருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எனக்கு அவர் அண்ணன். அவருக்கு நான் தம்பி. பள்ளிக்கூடப் பையனாக அவர் கடை வாசலில் நின்று, பாட்டுப் போடும்போது அந்தக் காகிதக் கூம்பு துடிப்பதை வேடிக்கை பார்த்த நாளிலிருந்து இந்த உறவு.

குழாய் ஸ்பீக்கருக்கு இனிமை கிடையாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல்தான் பேசும். ஆனால் வார்த்தை மட்டும் தப்பாது; அரை மைலுக்கு அப்பால் வயலில் நிற்பவன்கூட யார் வீட்டுக் கல்யாணம், யார் மொய் எழுதினார்கள் என்று சொல்லிவிடலாம். அந்தச் சௌகரியமே அதற்கு வினையாகவும் வந்தது. 2000-ம் ஆண்டில் மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் வந்தன. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. திருவிழா போன்ற விசேஷங்களுக்கு, வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மேற்படாமல், நள்ளிரவுவரை அரசு அனுமதிக்கலாம். 2005-ல் உச்ச நீதிமன்றமும் அதை வற்புறுத்தியது. காவல் நிலையத்தில் அனுமதி வாங்கப் போனால், ‘கூம்பு வடிவ ஒலிபெருக்கி கட்டக்கூடாது’ என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. குழாய்கள் பரணுக்கு ஏறின. பெட்டிகள் இறங்கின.

கடையில் விற்கும் பெரிய பெட்டிகளின் விலை சின்ன ஊர் மைக் செட்காரருக்குக் கட்டுப்படியாகாது. சென்னை ரிச்சி தெருவில் ஸ்பீக்கரை மட்டும் வாங்கிவந்து, உள்ளூர் ஆசாரியை வைத்து பிளைவுட்டில் பெட்டி அடித்துக்கொள்வார்கள். இது நம் ஊர்ப் பைத்தியம் மட்டுமல்ல. ஜமெய்க்காத் தீவின் கிங்ஸ்டன் நகரில் 1940-களின் கடைசியில் இதே கதை நடந்தது. யுத்தத்தில் ஆங்கிலேய விமானப் படையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஹெட்லி ஜோன்ஸ் என்பவர், டாம் வாங் என்ற நடன அரங்கக்காரருக்காகத் தம் கையாலேயே ஆம்ப்ளிஃபையர் செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த ஊரில் துணி அலமாரி அளவுக்குப் பெட்டி செய்து தெருவில் நிறுத்திப் பாட்டுப் போடுவது ஒரு பெரிய தொழிலாகவும் போட்டியாகவும் வளர்ந்து, அந்த நாட்டுச் சங்கீதத்தையே மாற்றிவிட்டது.

போட்டி இங்கேயும் வந்தது. பதினெட்டு அங்குல ஸ்பீக்கர், அதற்கு ஆள் உயரப் பெட்டி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கு. பாட்டுப் போட்டால் பக்கத்து வீட்டு ஓடு அதிரவேண்டும். நெஞ்சுக்கூட்டில் யாரோ குத்துவதுபோல் இருக்கவேண்டும். ‘எத்தனை பேஸ் பெட்டி? எத்தனை வாட்?’ என்றுதான் விழாக் கமிட்டி கேட்கிறதே தவிர, பேசினால் புரியுமா என்று கேட்பதில்லை. அண்ணனும் அடுக்கினார். தொழில் என்றால் அப்படித்தானே?

அவர் காது கெட்டது இந்தக் காலத்தில்தான். குழாய்க்குப் பக்கத்தில் பாதி ஆயுள், பேஸ் பெட்டிக்குப் பக்கத்தில் மீதி ஆயுள் நின்றால் வேறு என்ன ஆகும்? “ஜனங்க பேசறது கேக்குது தம்பி. என்னா பேசறாங்கன்னுதான் தெரியல” என்றார் ஒருநாள். சுற்றி யாராவது சிரித்தால் தாமும் சிரித்துவைப்பார். பேரப்பிள்ளை பள்ளிக்கூடச் சங்கதி சொல்லும்போது அதன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கடலூர் டாக்டர் ஒருவர் பரிசோதனை செய்து கோடு போட்டுக் கொடுத்த காகிதத்தை என்னிடம் காட்டினார். கோடு ஓரளவு நேராக வந்துகொண்டே இருந்து, வினாடிக்கு நாலாயிரம் அதிர்வு என்ற இடத்தில் திடீரென்று பள்ளத்தில் விழுந்திருந்தது. பேரொலி காதைக் கெடுக்கும்போது முதலில் கை வைக்கும் இடம் அதுதானாம். உள்காதில் மயிரிழை போன்ற நுண்ணிய உயிரணுக்கள் இருக்கின்றன. ஒரு தடவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது நம் இலக்கணம் எனக்கு ஞாபகம் வந்தது. அ, ஆ, இ என்ற உயிரெழுத்துக்களின் கனமெல்லாம் கீழ்ஸ்தாயியில் இருக்கிறது. க, ச, த, ப என்று வெடித்துக் கிளம்பும் வல்லின மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் கூர்மை, ஆயிரத்தைந்நூறு அதிர்வுக்கும் ஐயாயிரத்துக்கும் நடுவே இருக்கிறது. அண்ணனுக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. ‘கடை’யும் ‘சடை’யும் ‘தடை’யும் ‘படை’யும் அவர் காதில் ஒரே வார்த்தையாக விழுகின்றன.

“அப்படீன்னா நம்ம பெட்டியும் எம்மாதிரியேதான் தம்பி” என்றார் அவர், நான் இதைச் சொன்னபோது. “நல்ல காது இருக்கிறவனையும் செவிடனா ஆக்கி உக்கார வெக்குது.”

அந்த வார்த்தையிலிருந்து பிறந்தது அவருடைய பேச்சுப் பெட்டி.

பெட்டி எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வரும்போது முன்பக்கத்துக் காற்றை நெருக்குகிறது. அதே கணத்தில் பின்பக்கத்துக் காற்றைத் தளர்த்துகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்விரோதம். நடுவில் தடுப்பு இல்லாவிட்டால், பின்னால் கிளம்பிய ஒலி ஓரமாகச் சுற்றிவந்து முன்னால் கிளம்பிய ஒலியைத் தீர்த்துக்கட்டிவிடும். முதுகு சொல்வது முகத்துக்கு எட்டாமல் பார்த்துக்கொள்கிற சுவர்தான் பெட்டி.

“பண்ருட்டிப் பலாவில் செய்தால் என்ன?” என்று நான் கேட்டேன். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் தேடிப் போகும் மரமாயிற்றே! ஆசாரியும் அண்ணனும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். வீணையின் குடம் பாடவேண்டும், அதற்காகத்தான் பலா. ஒலிபெருக்கிப் பெட்டி பாடவே கூடாது. ஸ்பீக்கர் பேசும்போது பலகையும் சேர்ந்து ஒரு வார்த்தை சொன்னால் இரண்டும் குழம்பிவிடும். ஆகவே ஊமை மரம் வேண்டும்: முக்கால் அங்குல பிளைவுட், உள்ளே குறுக்குச் சட்டம், சுவரில் பஞ்சு. விரல் முட்டியால் தட்டினால் ‘டங்’ என்று கேட்கக்கூடாது. சாக்கு மூட்டையைத் தட்டினாற்போல் இருக்கவேண்டும்.

பெட்டியின் வடிவத்தில்தான் சூட்சுமம். பேஸ் பெட்டிபோல் அகலமாக இல்லை. தூண்போல் ஒல்லியாக, மூன்றரை அடி உயரம். அதில் நாலு அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில். இப்படி அடுக்கினால் எட்டும் சேர்ந்து பேசும் ஒலி இரண்டு பக்கமும் விசிறிபோல் விரியும். மேலும் கீழும் அவ்வளவாகச் சிதறாது. ஆகாயத்துக்கும் தரைக்கும் வீணாகப் போகிற பங்கு ஜனங்களுக்குப் போகும். இது புதுச் சங்கதி அல்ல. லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தின் மாபெரும் கூடத்தில் எதிரொலியில் பிரசங்கம் கரைந்துபோகிறதே என்று, 1950-களின் தொடக்கத்தில் பார்க்கினும் டெய்லரும் இப்படிப்பட்ட தூண் பெட்டிகளைத்தான் வைத்தார்கள். விலையுயர்ந்த சாமான் எதுவும் இதற்கு வேண்டாம். கடைத்தெருவில் கிடைக்கிற சின்ன ஸ்பீக்கர் போதும்.

எட்டு ஓம் ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாகத் தொடராகக் கோத்து, அந்த நாலு ஜோடிகளையும் பக்கவாட்டில் சேர்த்தால் மொத்தம் நாலு ஓம். ஆம்ப்ளிஃபையருக்கு அது சுகமான சுமை. ஒவ்வொரு ஸ்பீக்கரையும் மாட்டுவதற்கு முன்னால் டார்ச் லைட் செல் ஒன்றை அதன் முனைகளில் வைத்துத் தொட்டுப் பார்த்தார். கூம்பு முன்னால் துள்ளினால் சரி. பின்னால் போனால் முனை மாறியிருக்கிறது என்று அர்த்தம். எட்டு பேர் தேர் இழுக்கும்போது ஒருவன் மட்டும் எதிர்ப்பக்கம் இழுக்கக்கூடாது. மூட்டுகளுக்கு ஃபெவிகாலும் மரத்தூளும் குழைத்த பூச்சு. பிறகு ஸ்பீக்கரைக் கீழ்ஸ்தாயியில் முனக விட்டு, ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி மூட்டோரமெல்லாம் காட்டிக்கொண்டே வந்தார். புகை ஆடுகிற இடத்தில் காற்று ஒழுகுகிறது. பூஜை செய்வதுபோல் அவர் பெட்டியைச் சுற்றிவருவதைப் பார்த்துத் தெருக் குழந்தைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டன!

எல்லாம் சரி, பெட்டி நன்றாகப் பேசுகிறதா என்று யார் சொல்வது? செய்தவருக்குத்தான் கேட்காதே! அதற்குத்தான் நான்.

அமெரிக்காவின் பெல் டெலிபோன் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் அர்த்தமில்லாத அசைகளை வரிசையாக வாசித்து, மறுமுனையில் இருப்பவர் எத்தனையைச் சரியாக எழுதுகிறார் என்று எண்ணிப் பார்ப்பார்களாம். நாங்கள் தமிழில் ஒரு பட்டியல் தயார் செய்தோம். கட்டி, சட்டி, தட்டி, பட்டி. கடை, சடை, தடை, படை. இப்படி நாற்பது வார்த்தைகள், கலைத்துப் போட்டு. பள்ளிக்கூட மைதானத்தின் ஒரு கோடியில் அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார். மறு கோடியில் நான் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து, கேட்டதைக் கேட்டபடி எழுதுவேன். முதல் நாள் நாற்பதில் இருபத்தாறு. அண்ணன் காகிதத்தை வாங்கி, எது எதுவாக மாறியது என்று விரலை வைத்துப் பார்த்தார். சட்டியெல்லாம் தட்டியாகியிருந்தது. மேல்ஸ்தாயி போதவில்லை என்று தூணின் நடுவில் சின்ன ட்வீட்டர் ஒன்று சேர்த்தார். ஆம்ப்ளிஃபையரில் பேஸ் குமிழை அடியோடு குறைத்தார். பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக் கட்டி, முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்தார். நாலாவது ஞாயிற்றுக்கிழமை முப்பத்தேழு வந்தது. ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் இல்லாத ஒரு வார்த்தையை இடையில் சொன்னார். “டீ” என்று கேட்டது. எழுதிவிட்டு, போய் வாங்கிவந்தேன்.

தூண் பெட்டிகளின் அரங்கேற்றம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், திரௌபதி அம்மன் கோவில் கூத்துக்கு நடந்தது. தெருக்கூத்துக்காரர்கள் மேல்கட்டையில் பாடுவது அழகுக்காக மட்டுமல்ல, கூட்டத்தின் எல்லைவரை போய்ச் சேரவேண்டுமே என்பதற்காகவும்தான். மத்தளமும் ஆர்மோனியமும் முகவீணையும் ஒருபக்கம் முழங்க, அதற்கு மேலே ஏறி நிற்கவேண்டும் குரல். விடியவிடிய இதே கதி. கூத்து வாத்தியார் பெட்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “என்னாய்யா இது, பரங்கிப்பேட்டை புல்லாங்குழலாட்டம் இருக்குது? பெரிய பெட்டி இல்லையா?”

கூத்து ஆரம்பமானதும் அண்ணன் மேடைப் பக்கமே நிற்கவில்லை. நேராகக் கடைசி வரிசைக்குப் போனார். வரிசை என்பது மரியாதைக்குச் சொல்வது. புளியமரத்தடியில் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவிகளும், அவர்கள் மடியில் பேரக்குழந்தைகளும். அவர் கூத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் முதலில் காரணம் புரியாமல் விழித்தேன். கட்டியக்காரன் துரியோதனனைப் பற்றி ஒரு விகடம் சொன்னான். முன்வரிசை கொல்லென்று சிரித்தது. அதே நொடியில் புளியமரத்தடிக் கிழவிகளும் சிரித்தார்கள். ஒருத்தி வெற்றிலையைத் துப்ப மறந்து வாயைப் பொத்திக்கொண்டாள். முன்னே சிரித்தவர்களைப் பார்த்து அப்புறம் சிரிப்பது வேறு. தானே கேட்டுச் சிரிப்பது வேறு. இத்தனை நாள் பிறரைப் பார்த்துச் சிரித்துச் சமாளித்த மனிதருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அண்ணன் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

பன்னிரண்டு மணி அடித்ததும் அனுமதி தீர்ந்தது. அவர் பெட்டிகளை அணைத்துவிட்டார். கூத்து நிற்கவில்லை, பழைய முறைப்படி வெறும் தொண்டையோடு தொடர்ந்தது. அப்போது நடந்ததுதான் வேடிக்கை. புளியமரத்தடியில் ஒரு சலசலப்பு. கிழவிகள் ஒவ்வொருவராக எழுந்து, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, முன்னால் நகர்ந்து வந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் இன்னும் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். பாஞ்சாலியின் சபதம் முடியும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

இதைப் பார்த்தபிறகு எனக்கு ஒன்று தோன்றியது. ஒலிபெருக்கியைத் திட்டுகிற நாம், அதிகச் சத்தம் என்று மட்டுமே திட்டுகிறோம். அது பாதிக் குற்றம்தான். சத்தத்தைக் கொடுத்துவிட்டு வார்த்தையைக் கொடுக்காமல் இருப்பதுதான் முழுக் குற்றம். வார்த்தை சரியாகப் போய்ச் சேர்ந்தால் அவ்வளவு சத்தமே தேவைப்படாது. அன்றிரவு அந்த இரண்டு பெட்டிகள் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெருவில் கட்டியிருந்த மாடுகூடத் தலையைத் திருப்பவில்லை.

ஆனால் இந்த உண்மையை வைத்துக் கடை நடத்த முடியாது. கல்யாண வீட்டார் தூண் பெட்டியைப் பார்த்தால், “அதிரவே இல்லையே!” என்று வாடகையில் பாதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் பேஸ் பெட்டிகள் இன்னும் கடையின் முன்பக்கத்தில் இருக்கின்றன; அவற்றை அவருடைய மகன் பார்த்துக்கொள்கிறான். பஞ்சில்லாமல் காதைக் காட்டாதே என்று அவனிடம் சண்டை போட்டு ஜெயித்திருக்கிறார். தூண் பெட்டிகள் கூத்துக்கும், இரங்கல் கூட்டத்துக்கும், பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்கும் போகின்றன. வார்த்தைக்குத் தேவை இருக்கிற இடங்கள் அவ்வளவுதான் போலிருக்கிறது.

கூத்து முடிந்த அன்று விடியற்காலையில், அரிதாரத்தை எண்ணெய் போட்டு அழித்துக்கொண்டே வாத்தியார் எங்களிடம் வந்தார். பன்னிரண்டு மணிவரை அரைக்கட்டை இறக்கிப் பாடினாராம். அதனால்தான் விடியும்வரை தொண்டை தாங்கியதாம். இருபது வருஷத்தில் இன்றைக்குத்தான் கூத்து முடிந்தபிறகும் பேசக் குரல் மிச்சம் இருக்கிறது என்று, அந்த மிச்சக் குரலிலேயே மெதுவாகச் சொன்னார். அவ்வளவு மெதுவாகச் சொன்னது அண்ணனுக்குக் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அவர் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு மெய்யையும் உதட்டில் காட்டித் திருப்பிச் சொன்னேன்.

முழுவதும் கேட்டுக்கொண்டு, சற்று நேரம் பெட்டியின் மேலிருந்த பனியைத் துண்டால் துடைத்தார்.

“அப்ப அடுத்த வருஷமும் நம்மளதானே கூப்பிடுவீங்க?” என்று கேட்டார்.